மைக் சார் ஜன்னலை அடைத்த கதை

மைக் சாருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது பென்ஷன் தாளில் இருக்கிறது, அதோடு சரி. அந்த எட்டு மாடிக் குடியிருப்பின் நாற்பத்தெட்டு வீடுகளுக்கும் அவர் மைக் சார்தான். தபால்காரர்கூட 'மைக் சார் வீடு மூணாவது மாடிதானே' என்று கேட்டுக்கொண்டுதான் ஏறுவார். எதிரே இருக்கும் பேருந்து நிலையத்தில் முப்பத்தோரு வருடம் மைக் முன்னால் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று ஊருக்கே சொன்ன மனிதர் அவர்.

எதிரே என்றால் நிஜமாகவே எதிரே. வேலைக்கு நடந்தே போய் வரலாம் என்று ஆசைப்பட்டு வாங்கிய வீடு அது. கூடத்து ஜன்னலைத் திறந்தால் சாலை. சாலைக்கு அந்தப் பக்கம் நிலையத்தின் சுற்றுச்சுவர். சுவரை ஒட்டி ஒரு கம்பம், அதன் உச்சியில் நாலு ஒலிபெருக்கிகள். அதில் ஒன்று கொஞ்சமும் பிசகாமல் மைக் சார் வீட்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கிறது. அதை இந்தப் பக்கம் திருப்பச் சொன்னவரும் அவர்தான். வரிசையின் கடைசியில் நிற்பவர்களுக்குக் கேட்கவில்லை என்று புகார் வந்தபோது, அவரே கைப்பட எழுதிக் கொடுத்த யோசனை. அந்தக் காகிதம் இன்னும் நிலையத்தின் கோப்பில் பத்திரமாக இருக்கிறது.

அவர் மைக் முன்னால் வந்து உட்கார்ந்ததே தற்செயல்தான். டிக்கெட் கவுண்டரில் குமாஸ்தாவாக இருந்தார். ஒரு நாள் அறிவிப்பாளருக்கு அம்மை போட்டுவிட்டது. 'யாராவது நாலு நாளைக்குச் சமாளிங்கப்பா' என்று மேலாளர் கெஞ்சினார். மற்றவர்கள் எல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்க, இவர் மட்டும் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலாளர் கண்ணில் பட்டது இவர் முகம் மட்டும்தான். நாலு நாள் என்று போனவர் முப்பத்தோரு வருடம் கழித்துத்தான் வெளியே வந்தார். அம்மை போட்டவர் குணமாகித் திரும்பியபோது அவரைக் கவுண்டரில் உட்கார வைத்துவிட்டார்கள். அந்த மனுஷர் ஓய்வு பெறும்வரை இவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

குரல் நல்ல குரல், அதில் சந்தேகமே இல்லை. கனமும் இருக்கும், கனிவும் இருக்கும். வண்டியைத் தவறவிட்டவனுக்குக்கூட அந்தக் குரலில் கேட்டால் கோபம் வராது. ஆனால் அந்தக் குரலைக் காப்பாற்ற அவர் பட்ட பாடு இருக்கிறதே, அதை உண்மையில் பட்டது அவர் மனைவி. வீட்டுக்குள் நுழைந்ததும் வாயை மூடிக்கொள்வார். தொண்டைக்கு ஓய்வாம். உப்புப் போட்ட வெந்நீரில் கொப்பளிப்பார், கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு சாப்பிட உட்காருவார். உப்பு குறைவு என்றால் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து ஒரு சைகை. இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றால் இன்னொரு சைகை. மனைவி ஏதாவது சொன்னால் தலையாட்டுவார். ஆமாம் என்பதற்கும் அதே ஆட்டல்தான், இல்லை என்பதற்கும் அதே ஆட்டல்தான்.

கல்யாணமான புதிதில் அவள் ஒரு தடவை மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அப்போது தொண்டையையும் பொருட்படுத்தாமல் அவர் ஒரு வாக்குறுதி கொடுத்தார்.

"இப்ப தொண்டை வேலைக்கு வேணும். ரிட்டையர் ஆகட்டும், உன்கூட உக்காந்து நாள் பூரா பேசறேன். நீ போதும்னு சொல்ற வரைக்கும் பேசறேன்."

அவள் சரியென்றாள். சரியென்று சொன்னவள் முப்பத்தோரு வருடம் பொறுத்தாள். அத்தனை பொறுமை எனக்கோ உங்களுக்கோ வராது.

அவர் ஓய்வு பெறும் நாள் நெருங்கியதும் நிர்வாகத்துக்குத் திடீரென்று புத்தி வந்தது. இனிமேல் புது ஆள் வேண்டாம், இவர் குரலையே பதிவு செய்து கம்ப்யூட்டரில் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தார்கள். பஞ்சு ஒட்டிய சின்ன அறையில் மூன்று நாள் அவரை உட்கார வைத்து எண்கள் தனியாக, வழித்தடங்கள் தனியாக, 'புறப்படத் தயாராக உள்ளது' தனியாக என்று துண்டு துண்டாகப் பேச வைத்தார்கள். பிறகு வேண்டியதை வேண்டியபடி கம்ப்யூட்டர் கோத்துக்கொள்ளும்.

இரண்டாம் நாள் மதியம் நடைமேடை எண்களைச் சொல்லிக்கொண்டு வந்தபோது, ஏழுக்கு முன்னால் அவருக்குத் தொண்டையில் ஏதோ சிக்கியது. 'ஹ்க்கும்' என்று ஒரு சின்னக் கனைப்பு. கனைத்துவிட்டு, "ஏழாம் நடைமேடையில்" என்றார். ஒலிப்பதிவு செய்த பெண் தயங்கித் தயங்கி, "சார், இதை மட்டும் இன்னொரு தடவை சொல்லிடறீங்களா?" என்று கேட்டாள்.

அங்கேதான் அவருக்குத் தலைக்கனம் முன்னால் வந்து நின்றது. "முப்பத்தோரு வருஷமா நேரடியா பேசினவன்மா நான். ஒரு தடவை பேசினா பேசினதுதான். திருத்திப் பேசற பழக்கமே கிடையாது" என்றார். அவள் பாவம், சின்னப் பெண். பெரியவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

அவர் ஓய்வு பெற்ற மறுநாள் அதிகாலை ஐந்து மணிக்கு எதிர்க் கம்பத்திலிருந்து 'டிங் டாங்' என்று மணி அடித்தது. அதைத் தொடர்ந்து அவரே பேசினார். "பயணிகளின் அன்பான கவனத்திற்கு. கடற்கரை வழியாகச் செல்லும் பேருந்து, ஹ்க்கும், ஏழாம் நடைமேடையில் புறப்படத் தயாராக உள்ளது." போர்வைக்குள் இருந்த மைக் சார் எழுந்து உட்கார்ந்தார்.

கடற்கரை வழி வண்டிதான் அந்த நிலையத்தில் அதிகம். பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒன்று. காலை ஐந்திலிருந்து இரவு பத்து வரை கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு எண்பத்தைந்து கனைப்பு. ஒரே வாரத்தில் குடியிருப்பில் அத்தனை பேருக்கும் அது மனப்பாடம் ஆகிவிட்டது. லிஃப்டில் பிள்ளைகள் ஏழாவது மாடிக்குப் பொத்தானை அழுத்தும்போது 'ஹ்க்கும், ஏழு' என்று சொல்லிவிட்டுத்தான் அழுத்தின. மைக் சார் உள்ளே இருந்தால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு சிரித்தன. அவர் மாடிப்படியைப் பயன்படுத்தத் தொடங்கினார். கேட்டவர்களிடம், முட்டிக்கு நல்லது என்றார்.

மானம் போவதுகூடப் பரவாயில்லை. பெரிய தொல்லை வேறொன்று. முப்பத்தோரு வருடம் அந்த அறையில் ஒரே விதி: மணி அடித்தால் பேச்சு நிற்க வேண்டும். மைக் திறந்திருக்கும்போது பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை பேசினாலும் அது ஊர் முழுக்கக் கேட்கும். அதனால் 'டிங் டாங்' என்றால் அவர் வாய் தானாக மூடிக்கொள்ளும். மூளையைக் கேட்டுக்கொண்டு மூடுவதில்லை, கண்ணில் தூசி விழ வரும்போது இமை மூடுகிற மாதிரி அதுபாட்டுக்கு மூடும். மொத்தம் பன்னிரண்டு நடைமேடை. இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறையாவது மணி அடித்துவிடும்.

வாக்குறுதியைக் காப்பாற்ற முதல் நாளே மனைவியைச் சோபாவில் உட்கார வைத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்து ஆரம்பித்தார்.

"அன்னிக்கு என்ன ஆச்சுன்னா, மேலாளர் என்னைக் கூப்பிட்டு..."

டிங் டாங். வாய் மூடிக்கொண்டது. அறிவிப்பு முடிந்தது.

"எங்க விட்டேன்?"

"மேலாளர் கூப்பிட்டாரு."

"ஆங். கூப்பிட்டு, இந்த மாதிரி ரெண்டு வண்டி ஒரே..."

டிங் டாங்.

ஒரு மாதம் இப்படியே போனது. அவர் ஒரு கதையும் முடிக்கவில்லை. அவள் முதல் வாரம் கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். இரண்டாம் வாரம் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். நாலாம் வாரம் அவர் ஆரம்பித்ததும் அவள் செய்தித்தாளை எடுத்துக்கொண்டாள்.

அப்புறம்தான் மகள் போன் செய்தாள். மகள் ஐந்து மணி நேரப் பயண தூரத்தில் குடும்பத்தோடு இருக்கிறாள். 'இங்க வந்து கொஞ்ச நாள் இரும்மா. பேச்சுத் துணையாவது கிடைக்கும்' என்றாளாம். மனைவி அடுத்த வாரச் சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி வண்டியில் டிக்கெட் எடுத்துவிட்டாள். ஒரு டிக்கெட். போக மட்டும்.

"எத்தன நாளைக்கு?" என்று கேட்டார் மைக் சார்.

"பாக்கலாம்" என்றாள்.

பாக்கலாம் என்பது எத்தனை நாள் என்று யாருக்குத் தெரியும். அவள் இல்லாத நேரம் பார்த்து, அவள் அடுக்கி வைத்திருந்த பெட்டியைத் திறந்தார். ரத்த அழுத்த மாத்திரை அட்டைகளை எண்ணினார். தினம் ஒன்று என்றால் ஆறு மாதத்துக்கு வரும். பெட்டியை மூடிவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். அவருக்குப் பயமாக இருந்தது. பேசத்தானே முப்பத்தோரு வருடம் சேர்த்து வைத்தோம், பேசாமலே போய்விடுவாளே என்று பயம். சத்தம் இல்லாத ஓர் அறை கிடைத்தால் போதும், பேசியே அவளை நிறுத்திவிடலாம் என்று நம்பினார். கையில் பன்னிரண்டு நாள் இருந்தது.

முதலில் நிலையத்துக்குப் போய் ஒலிபெருக்கியைத் திருப்பச் சொன்னார். புது மேலாளர் கோப்பை எடுத்து, "இதை இந்தப் பக்கம் வைக்கணும்னு எழுதிக் குடுத்திருக்காரே ஒருத்தர்" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்தைப் பார்த்தார். அப்புறம் மைக் சாரைப் பார்த்தார். மைக் சார் பேச்சை மாற்றி, ஏழாம் எண்ணை மட்டும் மறுபடி பதிவு செய்யலாமே என்றார். மேலாளர் அவரைச் சோதனைக்குப் பேசச் சொல்லிக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"ஒட்டாது சார். உங்க குரல் மாறிப்போச்சு. அந்தக் குரல் மாதிரி வரல."

"அந்தக் குரல் நான்தாங்க."

"தெரியும் சார். ஆனா அவரு கொஞ்சம் கம்பீரமா இருக்காரு."

அன்று வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் தன்னைவிடக் கம்பீரமான தன்னை அவர் வாய்க்குள்ளேயே திட்டிக்கொண்டு வந்தார். வெளியே இருப்பவனை அடக்க முடியாவிட்டால் உள்ளே வர விடாமல் செய்வது என்று தீர்மானித்தார்.

மறுநாள் மூன்றடுக்குக் கம்பளித் துணியில் திரை தைத்து மாட்டினார். பலன் இருந்தது. ஆனால் விபரீதமான பலன். குரல் சின்னதாகவில்லை, அதன் கூர்மை மட்டும் மழுங்கியது. வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு அவரே அறிவிப்புச் செய்வது போலக் கேட்டது. கனைப்பு மட்டும் ஒரு குறையும் இல்லாமல் வந்து சேர்ந்தது.

அடுத்து சந்துபொந்து வேட்டை. மெழுகுவர்த்தியைக் கொளுத்திக்கொண்டு ஜன்னல் ஓரம், கதவு ஓரம், குழாய் நுழையும் ஓட்டை என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். சுடர் ஆடினால் அங்கே காற்று வருகிறது, காற்று வந்தால் சத்தமும் வரும். சுடர் பதினோரு இடத்தில் ஆடியது. பன்னிரண்டாவது இடத்தில் திரை பற்றிக்கொண்டது. மனைவி ஒரு குடம் தண்ணீரை எடுத்து வந்து ஊற்றி அணைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். அவள் திட்டியிருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பதினோரு சந்துக்கும் ரப்பர் பட்டையும் பசையும் வைத்து அடைத்தார். வாசல் கதவுக்கு அடியில் துடைப்பம் மாதிரி ஒரு ரப்பர் விளிம்பு. துணி அலமாரியைத் தனி ஆளாகத் தள்ளிக்கொண்டு போய்த் தெருப்பக்கச் சுவரோடு ஒட்டினார். நிறைந்த அலமாரி சத்தத்தைக் குடிக்கும் என்று மகள் போனில் படித்துச் சொல்லியிருந்தாள். தன் அம்மாவை நிறுத்தத்தான் அப்பா இந்தப் பாடு படுகிறார் என்று அவளுக்குத் தெரியாது. இடுப்பு பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் குனிந்த வாக்கிலேயே நடந்தார். சத்தம் முன்பைவிடப் பாதிதான் வந்தது. பாதியாக இருந்தாலும் மணி மணிதானே. வாய் மூடிக்கொண்டது.

கடைசியில் ஜன்னல்காரரை வரவழைத்தார். அலுமினியச் சட்டமும் கண்ணாடியும் போடுகிறவர். வந்ததும் ஜன்னலை விரலால் தட்டி, காதை வைத்துக் கேட்டு, நோயாளியைப் பார்க்கிற டாக்டர் போல உதட்டைப் பிதுக்கினார்.

"சத்தம் தண்ணி மாதிரி சார். ஊசி நுழையற ஓட்டை இருந்தாலும் உள்ள வந்துடும். இதுக்கு உள்பக்கமா இன்னொரு கண்ணாடி போடணும். நடுவுல நாலு விரக்கடை காலி விட்டு. கண்ணாடி ரெண்டும் ஒரே கனம் இருக்கக் கூடாது. ஒண்ணுல தப்பிச்சது இன்னொண்ணுல மாட்டணும்."

"எத்தன நாள் ஆகும்?"

"மூணு நாள். வெள்ளிக்கிழமை முடிச்சிடலாம்."

ஜன்னல்காரர்களின் வெள்ளிக்கிழமை எப்படி இருக்கும் என்பது வீடு கட்டிய எல்லோருக்கும் தெரியும். முதல் நாள் அளவெடுத்தார். இரண்டாம் நாள் வரவில்லை. மூன்றாம் நாள் துளை போடும் மெஷினோடு வந்து கான்கிரீட்டில் இறக்கினார். கட்டடம் முழுக்க அதிர்ந்தது. இரண்டாம் மாடியில் குழந்தை வீரிட்டது, நாலாம் மாடியில் சுவரில் மாட்டிய படம் விழுந்தது. குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் காதைப் பொத்திக்கொண்டு மேலே ஏறி வந்தார். கையில் அறிவிப்புத் தாள்.

"சார், சத்தம் தாங்கல. என்ன வேலை நடக்குது?"

"சத்தம் வராம இருக்கறதுக்கு வேலை" என்று கத்தினார் மைக் சார்.

"என்ன?"

"சத்தத்தை நிறுத்தறேன்."

"அப்ப நிறுத்துங்க" என்று சொல்லிவிட்டு, மதியம் இரண்டிலிருந்து நாலு வரை யாரும் சத்தம் எழுப்பக் கூடாது என்ற தாளை அவர் கையில் திணித்துவிட்டுப் போனார். அப்படித் தினமும் இரண்டு மணி நேரம் வேலை கெட்டது. வெள்ளிக்கிழமை வேலை சனிக்கிழமைக்குப் போனது.

சனிக்கிழமை மூன்றரை மணிக்குச் சட்டத்தின் கடைசி ஓரத்தில் பசையை இழுத்து, விரலால் தடவிவிட்டு ஜன்னல்காரர் கீழே இறங்கினார். "கேளுங்க சார்" என்றார். மைக் சார் கேட்டார். கண்ணாடிக்கு அப்பால் பேருந்துகள் ஊமையாகப் போய்க்கொண்டிருந்தன. ஒருவன் ஓடி வந்து ஒரு வண்டியில் தொற்றினான், நடத்துநர் அவனை வாய் நிறையத் திட்டினார், ஒரு எழுத்து கேட்கவில்லை. மைக் சாருக்குக் கண் கலங்கிவிட்டது. ஜன்னல்காரரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். சட்டையெல்லாம் பசையானது.

ஜன்னல்காரர் போனதும் கூடத்துச் சுவரில் இருந்த கடிகாரம் திடீரென்று சம்மட்டி மாதிரி அடிக்கத் தொடங்கியது. இத்தனை வருடமாக அது சத்தமே போடாத கடிகாரம் என்று அவர் நம்பியிருந்தார். எழுந்து போய் பேட்டரியைக் கழற்றினார். ஃப்ரிட்ஜ் உறுமியது, அதன் வயரையும் பிடுங்கினார். பிறகு மனைவியைக் கூப்பிட்டார். அவள் ஊருக்குப் போகும் சேலையைக் கட்டிக்கொண்டு பெட்டியோடு வந்தாள். பெட்டியைக் கதவோரம் வைத்துவிட்டுச் சோபாவில் உட்கார்ந்தாள். அவர் வழக்கம்போல் பக்கத்தில் உட்கார்ந்தார். மணி நாலு.

"இப்ப பேசலாம்" என்றார்.

"பேசுங்க."

அவர் முதுகை நிமிர்த்திக்கொண்டார். "அன்னிக்கு என்ன ஆச்சுன்னா, மேலாளர் என்னைக் கூப்பிட்டு, இந்த மாதிரி ரெண்டு வண்டி ஒரே நடைமேடையில வந்து மோதற மாதிரி நிக்குது, ரெண்டு டிரைவரும் பின்னால எடுக்க மாட்டேங்கறாங்க, நீங்களே மைக்குல பேசித் தீத்து வைங்கன்னாரு. நான் என்ன பண்ணினேன்..."

மணி அடிக்கவில்லை. அடிக்கும் என்று ஒரு கணம் அவரே காத்திருந்தார். பிறகு கதையைச் சொல்லி முடித்தார். ஒரு மாதத்துக்கும் மேலாக முடியாத கதை நாலு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

"தெரியும்" என்றாள் மனைவி. "அன்னிக்கு நீங்க அவங்களைச் சமாதானம் பண்ணினது பூரா ஸ்பீக்கர்ல வந்துச்சே. நான் துணி காயப் போட்டுட்டே கேட்டேன்."

அவர் அடுத்த கதையை எடுத்தார். தொலைந்துபோன குழந்தைக்காக ஒரு மணி நேரம் அறிவிப்புச் செய்த கதை. அதுவும் அவளுக்குத் தெரியும். மழையில் மின்சாரம் போய் அவர் வாயாலேயே கத்திய கதை. அதையும் கேட்டிருக்கிறாள். நாலரை மணிக்கெல்லாம் அவர் கையிருப்பு தீர்ந்துபோனது. முப்பத்தோரு வருடமாக அவருக்கு நடந்ததெல்லாம் மைக் முன்னால்தான் நடந்திருக்கிறது. ஊருக்கே தெரிந்ததைத்தான் அவர் இவளுக்கென்று பொத்திப் பொத்தி வைத்திருந்தார்.

அறை அமைதியாக இருந்தது. இவ்வளவு பாடுபட்டு வாங்கிய அமைதி. அதில் சொல்வதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை.

"ரப்பர் பட்டை நல்லா ஒட்டியிருக்கு" என்றார்.

"ஆமா."

அவள் பெட்டியைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்தார். வேறு வழி தெரியாமல், வாழ்க்கையில் யாரிடமும் கேட்டுப் பழக்கமில்லாத மனுஷர், ஒரு கேள்வி கேட்டார்.

"அங்க போய் பொண்ணுகிட்ட என்ன பேசுவ?"

"எவ்வளவோ இருக்கு. எல்லாம் பேசணும். காதைப் பத்தியும் அவகிட்ட சொல்லணும்."

"என்ன காது?"

"என் காது. இடது காது. மூணு வருஷமா சுத்தமா கேக்கல."

மைக் சார் வாயைத் திறந்தார். மணி எதுவும் அடிக்கவில்லை, ஆனாலும் வாய் தானாக மூடிக்கொண்டது. மறுபடி திறந்து, "என்கிட்ட சொல்லலியே" என்றார்.

"சொன்னேன். டாக்டர்கிட்ட போயிட்டு வந்த அன்னிக்கே சொன்னேன். நீங்க கொப்பளிச்சிட்டிருந்தீங்க. தலையாட்டினீங்க. சரி, தெரிஞ்சுக்கிட்டீங்கன்னு நெனச்சேன்."

"நான்..."

"கீழ ஹால்ல ரெண்டு வருஷம் தையல் கிளாஸ் எடுத்தேன். அதுக்கும் தலையாட்டினீங்க."

"கிளாஸா? நீயா?"

"பதினாலு பேர் படிச்சாங்க. செயலாளர் சம்சாரம்கூட என்கிட்டதான் கத்துக்கிட்டாங்க." அவள் கோபமாகச் சொல்லவில்லை. கடைக்குப் போய் வந்த விஷயத்தைச் சொல்வது போலத்தான் சொன்னாள். அவருக்கு அதுதான் தாங்கவில்லை. "நீங்க எப்பவும் இந்தப் பக்கம்தான் உக்காருவீங்க. இந்த ஒரு மாசமா நீங்க பேசினது எனக்குப் பாதி கேட்டுச்சு, பாதி கேக்கல. ஆசையா சொல்றீங்களேன்னு சிரிச்சு வச்சேன். அப்புறம் சிரிச்சு சிரிச்சு வாய் வலிச்சுது, பேப்பரை எடுத்துக்கிட்டேன்."

மைக் சார் தான் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தார். அவளுடைய இடது பக்கம். பதினோரு சந்தை மெழுகுவர்த்தி வைத்துத் தேடிய மனிதர். சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒலிபெருக்கியிலிருந்து வருகிற ஒரு கனைப்பைப் பிடித்துவைத்துக்கொண்டு நாள் முழுக்க எண்ணியவர். பக்கத்தில் ஒரு சாண் தூரத்தில் இருக்கும் காது கேட்கவில்லை என்பது மூன்று வருடமாகத் தெரியவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. லிஃப்டில் வந்த வெட்கம் எல்லாம் இதன் கால் தூசு.

எழுந்தார். அவளைச் சுற்றிக்கொண்டு போய் வலது பக்கம் உட்கார்ந்தார். அலமாரி தள்ளிய இடுப்பு முனகியது, அதைக் கவனிக்காத மாதிரி இருந்தார்.

"டாக்டர் என்ன சொன்னாரு?" என்று கேட்டார்.

அவள் சொன்னாள். டாக்டர் சொன்னதைச் சொன்னாள், டாக்டர் வீட்டு வாசலில் செருப்பு காணாமல் போனதைச் சொன்னாள், மாற்றுச் செருப்பு வாங்கப் போன கடையில் பழைய தோழி ஒருத்தியைப் பார்த்ததைச் சொன்னாள். அங்கிருந்து தையல் வகுப்புக்கு வந்தாள். முதல் நாள் பதினாலு பேரும் பதினாலு விதமாக ரவிக்கைக் கையை வெட்டி வைத்ததையும், ஒருத்தி கணவன் சட்டைக்குக் கழுத்தே வைக்காமல் தைத்துக் கொடுத்ததையும், அவனும் வேறு வழியில்லாமல் அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனதையும் சொன்னாள். மைக் சார் சிரித்தார். தலையாட்டாமல், வாய்விட்டு. நடுவில் நிறுத்தி "அப்புறம்?" என்றார். "அவன் என்ன சொன்னான்?" என்றார். கேட்கக் கேட்க அவள் குரல் ஏறியது. நல்ல குரல்தான், கனமும் இருந்தது, கனிவும் இருந்தது. இத்தனை வருடமும் அதைக் கேட்கத்தான் அவருக்கு நேரமில்லாமல் போயிருந்தது.

எவ்வளவு நேரம் போனது என்று அவள் கவனிக்கவில்லை. சுவர்க் கடிகாரம் நாலு மணியிலேயே நின்றிருந்தது. தெருவிலிருந்தும் ஒரு சத்தமும் வரவில்லை. அவர் மட்டும் தன் கைக்கடிகாரத்தை மூன்று முறை பார்த்தார். மூன்றாவது முறை பார்த்தபோது மணி ஆறு கடந்து பத்து நிமிடம் ஆகியிருந்தது.

ஒரு கதையின் நடுவில் அவள் நிறுத்தினாள். "வண்டிக்கு நேரமாயிடுச்சோ?" என்று கேட்டாள்.

"இன்னும் இருக்கு. நீ சொல்லு" என்றார் மைக் சார்.

சொல்லிக்கொண்டே அவர் கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கமாகத் திருப்பிக்கொண்டார். அவள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, சேலைத் தலைப்பை மடியில் சரிசெய்துகொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.